நீங்கள் கேட்டவை: தொட்டிப் பாத்தியை நிரப்பக் கடன் வாங்க வேண்டுமா?

‘‘எங்கள் வீட்டைச் சுற்றிலும் சுக்காம்பாறை. காய்கறி போடுவதற்காக ஹாலோ பிளாக் வைத்து 10 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயரத்தில் மூன்று தொட்டிப் பாத்திகள் கட்டிவிட்டோம். மண்ணும் உரமும் வாங்கி நிரப்ப விலை கேட்டால் தலை சுற்றுகிறது. மகளிர் குழுவில் கடன் வாங்கலாமா?’’

- வாசகி, வேடசந்தூர்.

கடன் வாங்க வேண்டாம், சகோதரி. முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு பாத்திக்கு 80 கன அடி என்றால், மூன்றுக்கும் 240 கன அடி. அதாவது, கிட்டத்தட்ட இரண்டரை யூனிட். ஆனால், கீரை, வெண்டை, கொத்தவரை போன்றவற்றின் வேர்கள் பெரும்பாலும் மேல் முக்கால் அடியில்தான் உணவு எடுக்கும். அதனால் மேலே 8 அங்குலத்துக்கு நல்ல மண் போதும். அதற்கு மூன்று பாத்திக்கும் சேர்த்து 80 கன அடிதான் தேவை.

அடியில் 10 அங்குலத்துக்குத் தேங்காய் மட்டை, காய்ந்த விறகுத் துண்டு, வாழைத்தண்டு ஆகியவற்றைப் போடுங்கள். இடுக்குகளில் கிடைக்கிற மண்ணைத் தூவித் தண்ணீர் விட்டு இறக்குங்கள். இல்லாவிட்டால் எலி குடியேறிவிடும். கிளுவை, பூவரசு, முருங்கைக் கிளைகளைப் பச்சையாகப் போட்டால் துளிர்த்துவிடும். பக்கத்தில் தென்னை இருந்தால், மட்கிய தென்னந்தண்டைப் போடாதீர்கள். அதில் காண்டாமிருக வண்டு முட்டையிடும்.

அதற்கு மேல் 6 அங்குலத்துக்குச் சருகும் பயிர்க்கழிவும். ஒவ்வொரு அடுக்கிலும் சாணக்கரைசல் தெளியுங்கள். காய்ந்த பொருள்கள் மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். சாணம் அதை ஈடுகட்டும். நானே ஒருமுறை மரத்தூளை மேல்மண்ணில் கலந்துவிட்டு, தக்காளி நாற்று அத்தனையும் மஞ்சளாகிப் போனதைப் பார்த்திருக்கிறேன். மட்காத தேங்காய் நார்க்கழிவும் அப்படித்தான். எனவே, மட்காத பொருள் எதுவும் மேல்மண்ணில் சேரக் கூடாது.

கடைசி 8 அங்குலத்துக்கு வண்டல் மண், செம்மண், நன்றாக மட்கிய தொழுவுரம் மூன்றும் சம அளவு. ஒவ்வொன்றும் சுமார் 27 கன அடி. பாத்திக்கு 2 கிலோ வேப்பம் பிண்ணாக்கு சேர்த்துக்கொள்ளுங்கள். ஏரி, குளங்களில் வண்டல் மண்ணை விவசாயிகள் உரிய அனுமதியுடன் கட்டணமில்லாமல் எடுக்கலாம். தாலுகா அலுவலகத்தில் விசாரியுங்கள். வண்டி வாடகையும் ஆள் கூலியும் மட்டும் உங்களுடையது. பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து எடுத்தால் அதுவும் குறையும்.

நிரப்பியதும் விதைக்காதீர்கள். ஈரம் காயாமல் மூன்று வாரம் விட்டால் சூடு தணியும். சுவரின் அடியில் தண்ணீர் வடிய துளை இருக்க வேண்டும். முதல் போகத்துக்குத் தட்டைப்பயறு, கொத்தவரை போடுங்கள். காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முடிச்சில் சேர்ப்பதால் அவை தாக்குப்பிடிக்கும். தக்காளியும் கத்திரியும் அடுத்த போகத்தில்.

ஒரு வருடத்துக்குள் பாத்தி அரை அடி அளவுக்கு இறங்கும். பயந்துவிடாதீர்கள், அடியில் மட்கி உரமாகிறது என்று அர்த்தம். அதுவரை சேர்த்து வைத்த வீட்டுக் குப்பை உரத்தை மேலே போட்டு நிரப்பிக்கொள்ளலாம். இந்தப் பருவத்தில் மூன்றையும் நிரப்ப முடியாவிட்டால், ஒரு பாத்தியோடு ஆரம்பியுங்கள். மற்ற இரண்டும் அதுவரை உங்கள் குப்பைக்குழியாக இருக்கட்டும்.