சூப் இல்லாத நூடுல்ஸும் கேட்கத் தயங்கும் நாவும்



ஏற்காட்டு மலையிலுள்ள வாழவந்தி எங்கள் ஊர். காப்பிச் செடிகளுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் நடுவே வளர்ந்த என் மகன், படிப்பை முடித்து வேலைக்காக ஜப்பானின் நகோயா நகருக்குச் சென்றான். சென்ற சில மாதங்களில், ஒரு நாள் நான் அஸர் தொழுதுவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, அவனிடமிருந்து கைப்பேசியில் ஒரு படம் வந்தது. அங்கே அப்போது இரவு உணவு வேளை. ஒரு கிண்ணத்தில் தடித்த நூடுல்ஸ். அதன்மேல் நறுக்கிய வெங்காயத்தாள், கடற்பாசித் துணுக்குகள், நடுவில் ஒரு முட்டையின் மஞ்சள் கரு. படத்தோடு ஒரு கேள்வியும் இருந்தது.

"அத்தா, ராமென் சூப்பில் பன்றி எலும்பைக் கொதிக்க வைப்பார்கள் என்பதால் அதை நான் தொடுவதே இல்லை. இதில் சூப்பே கிடையாது. இறைச்சியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாப்பிடலாம்தானே?"

எனக்கு விடை தெரியவில்லை. கடைக்காரரிடம் என்னென்ன சேர்க்கிறார்கள் என்று கேட்கும்படி எழுதினேன். சற்று நேரம் கழித்துப் பதில் வந்தது: "கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பக்கத்தில் இருக்கிறார்கள் அத்தா. இப்போது எப்படிக் கேட்பது?"

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஒரு வரிதான். நம் பிள்ளைகள் ஹராமை விரும்பி உண்பதில்லை. ஆனால், கேட்பதற்குக் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சத்தில் நமக்கும் பங்குண்டு என்பதை நான் பிறகே உணர்ந்தேன்.

முதலில் அந்த உணவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சூப் இல்லாத நூடுல்ஸ் ஜப்பானில் பல வகைப்படும். டோக்கியோவின் மேற்குப் பகுதியில் 1950களில் மாணவர்களுக்கான மலிவான உணவாக 'அபுரா சோபா' புகழ் பெற்றது. ஹிரோஷிமாவில் சூப் இல்லாத 'தந்தன்மென்' உண்டு. என் மகன் இருக்கும் நகோயாவின் சிறப்பு 'தைவான் மஸேசோபா'. பெயரில் தைவான் இருந்தாலும் அது 2008இல் நகோயாவிலேயே, மென்யா ஹனாபி என்னும் கடையில் பிறந்த உணவு. காரமான கொத்துக்கறியைச் சூப்போடு சேர்த்துப் பார்த்தபோது சுவை பொருந்தவில்லையாம். எறிந்துவிட எண்ணிய வேளையில், நீரை வடித்த நூடுல்ஸின்மேல் அதைப் போட்டுப் பார்க்கலாமே என்று கடைப் பணியாளர் ஒருவர் சொன்னாராம். அப்படித்தான் அவ்வுணவு தோன்றியதாகச் சொல்கிறார்கள். 'மஸே' என்றால் கலத்தல். கிண்ணம் வந்தவுடன் அடியிலிருந்து மேலாக நன்றாகக் கிளறிக் கலந்த பிறகே உண்ண வேண்டும்.

ஏன் அடியிலிருந்து? விடை அங்கேதான் இருக்கிறது. சூப் இல்லை என்றால் சுவைச்சாறும் இல்லை என்று பொருளல்ல. நூடுல்ஸுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல், 'தாரே' எனப்படும் அடர்ந்த சாறும் எண்ணெயும் ஊற்றப்பட்டிருக்கும். 'அபுரா' என்ற சொல்லுக்கே எண்ணெய், கொழுப்பு என்றுதான் பொருள். அது எந்த எண்ணெய் என்பதுதான் கேள்வி. பல கடைகளில் அது பன்றிக்கொழுப்பு. அதனை அங்கே 'ராடோ' என்கிறார்கள். தாரேயில் சோயா சாஸுடன் 'மிரின்' அல்லது 'சாகே' சேர்ப்பது வழக்கம். சாகே என்பது அரிசி மது. மிரின் இனிப்பான சமையல் மது. உண்மையான மிரினில் ஏறத்தாழ 14 விழுக்காடு ஆல்கஹால் உண்டு. இத்தனையும் சேர்ந்த நீர்த்த சூப்பை விட்டுவிட்டு, அதன் சாரத்தை மட்டும் கொஞ்சமாகக் கிண்ணத்தின் அடியில் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னால் தவறாகாது.

மறுநாள் என் மகன் அதே கடைக்குத் தனியாகச் சென்று, கைப்பேசியின் மொழிபெயர்ப்பு உதவியோடு கேட்டிருக்கிறான். கடை உரிமையாளர் அடுப்பை விட்டு வெளியே வந்து, ஒவ்வொரு பொருளையும் எடுத்துக் காட்டியிருக்கிறார். எண்ணெயில் பன்றிக்கொழுப்பு உண்டு. தாரேயில் மிரின் உண்டு. இறைச்சியை மேலே வைக்காவிட்டாலும் இவ்விரண்டையும் நீக்க இயலாது என்று வருத்தத்தோடு சொல்லி, தலை தாழ்த்தினாராம்.

அன்று இரவு அவன் அழைத்தபோது குரல் உடைந்திருந்தது. நான்கு மாதங்களாக வாரத்திற்கு ஒருமுறையாவது அங்கே உண்டிருக்கிறான். "அத்தா, என் தொழுகையெல்லாம் என்னவாகும்?" என்று கேட்டான். என் நாவின் நுனிவரை கோபம் வந்தது உண்மை. முன்பே கேட்டிருக்கக் கூடாதா என்று சொல்லவிருந்தேன். அல்லாஹ் என்னைத் தடுத்தான். தவறுதலாகச் செய்துவிட்டவற்றில் குற்றமில்லை, உள்ளம் வேண்டுமென்றே செய்வதில்தான் குற்றம் என்ற கருத்தைக் குர்ஆனின் 33ஆம் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. அதைச் சொல்லி, தவ்பாச் செய்துகொள், இனிக் கேட்டு உண் என்றேன். அன்று நான் கடிந்திருந்தால், அடுத்த முறை அவன் என்னிடம் கேட்டிருக்கவே மாட்டான் என்று இன்றும் நம்புகிறேன். தந்தையிடம் கேட்க அஞ்சும் பிள்ளை கடைக்காரரிடம் எப்படிக் கேட்பான்?

ஹலால் தெளிவானது, ஹராமும் தெளிவானது, இரண்டுக்கும் இடையே பலருக்குத் தெரியாத ஐயத்திற்குரியவை உள்ளன என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெறும் இந்த ஹதீஸை நாம் மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். அதில் ஒரு நுட்பம் உண்டு. 'பலருக்குத் தெரியாது' என்றால் சிலருக்குத் தெரியும் என்றாகிறது. ஆகவே, ஐயம் வந்த இடத்தில் முதற்கடமை, தெரிந்தவரிடம் கேட்பது. கடையின் பொருளைக் கடைக்காரர் அறிவார். அதன் சட்டத்தை ஆலிம் அறிவார். இருவரிடமும் கேட்காமல் உண்பது பிழை. இருவரிடமும் கேட்காமலேயே "எல்லாம் ஹராம்" என்று தீர்ப்பளிப்பதும் பேணுதல் ஆகாது.

இந்த இரண்டாம் பிழை ஊரில் இருக்கும் நம்மிடம் மிகுதி. சோயா சாஸ் என்றாலே மது என்று முகம் சுளிப்போர் உண்டு. சோயா சாஸ் நொதித்து உருவாகும்போது இயல்பாகவே சிறிது ஆல்கஹால் தோன்றுகிறது. போதைக்காக அருந்தப்படாத இதனை ஆகுமாக்கிய ஆலிம்கள் பலர். ஆனால், கெடாமலிருக்க ஆல்கஹாலைத் தனியே சேர்க்கும் வகைகளும் ஜப்பானில் விற்கின்றன. அவற்றின் சட்டத்தைத் தம் ஹஸ்ரத்திடம் கேட்டறிய வேண்டும். இதற்கு மாறாக, மிரினும் சாகேயும் மதுவாகவே தயாரிக்கப்பட்டு மதுவாகவே ஊற்றப்படுபவை. கொதிக்கும்போது ஆவியாகிவிடும் என்ற வாதத்தைப் பெரும்பாலான ஆலிம்கள் ஏற்பதில்லை. மேசைமேல் வைத்திருக்கும் வினிகரோ, நபி (ஸல்) அவர்கள் நல்ல தொடுகறி எனப் பாராட்டிய காடிதான். ஒரே மேசையில் மூன்று புட்டிகள். மூன்றுக்கும் மூன்று நிலைகள். அறிவில்லாமல் பேணுதல் இல்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா?

இதைப் படிப்போர் "நாங்கள் ஜப்பானுக்கா போகப்போகிறோம்?" என எண்ண வேண்டாம். ஜப்பானிய நிறுவனங்கள் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்சாலை அமைத்த பிறகு, சென்னையிலும் ஜப்பானிய உணவகங்கள் பெருகியிருக்கின்றன. நம் வீட்டுப் பிள்ளைகள் நண்பர்களோடு அங்கே செல்கிறார்கள். 'சைவம்தானே' என்று பச்சைப் புள்ளியை நம்பி உண்பவர்களும் உண்டு. பச்சைப் புள்ளி அசைவப் பொருள் இல்லை என்பதையே சொல்லும். மது சேர்ந்ததா என்பதைச் சொல்லாது.

அப்படியானால் அயல்நாட்டு உணவே வேண்டாம் என ஒதுங்குவதா? நம் முன்னோர் அப்படி ஒதுங்கவில்லை. மலாயாவிற்கும் சிங்கப்பூருக்கும் சென்ற தமிழ் முஸ்லிம்கள், சீனர்களின் மஞ்சள் நூடுல்ஸைக் கண்டார்கள். பன்றிக்கொழுப்பை விலக்கினார்கள், மிளகாய் விழுதும் உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்து, இருப்புச் சட்டியில் பிரட்டினார்கள். 'மாமாக் மீ கோரெங்' என்று இன்று பினாங்கு முதல் சிங்கப்பூர் வரை எல்லா இனத்தவரும் வரிசையில் நின்று உண்பது அதைத்தான். அதுவும் சூப் இல்லாத நூடுல்ஸ்தான். எதை விடவேண்டும் என்பதைத் தெளிவாக அறிந்திருந்ததால், எதைக் கொள்ளலாம் என்பதில் அவர்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை.

கடந்த ஆண்டு நானும் என் மனைவியும் நகோயா சென்றிருந்தோம். 1998 முதல் அந்நகரில் இயங்கும் பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுதுவிட்டு, ஒரு முஸ்லிம் சகோதரர் நடத்தும் சிறு கடைக்கு மகன் எங்களை அழைத்துச் சென்றான். கோழிக் கொத்துக்கறி, கோழிக்கொழுப்பில் காய்ச்சிய எண்ணெய், மிரின் கலவாத தாரே. ஹலாலாக அறுக்கப்பட்ட பிரேசில் கோழி அங்கே முஸ்லிம் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. புதிதாக இஸ்லாத்திற்கு வந்தவர்கள் தரும் இறைச்சியில் அல்லாஹ்வின் பெயர் கூறப்பட்டதா எனத் தெரியவில்லையே என்று நபித்தோழர்கள் கேட்டபோது, நீங்கள் பிஸ்மில்லாஹ் கூறி உண்ணுங்கள் என நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். எனவே, அச்சகோதரரின் சொல்லை ஏற்று, மேற்கொண்டு துருவாமல் அமர்ந்தோம்.

பச்சை முட்டைக் கருவைக் கண்டதும் என் மனைவி கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "இதெல்லாம் ஹராமாகத்தான் இருக்கும்" என்றாள். மகன் சிரித்துக்கொண்டே, "அம்மா, உங்களுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்" என்றான். அவன் சொன்னது சரி. உடும்பு இறைச்சி முன்வைக்கப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் அதை உண்ணவில்லை. அது ஹராமா என்று காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் கேட்டதற்கு, இல்லை, தம் சமூகத்தார் பூமியில் அது இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்று விளக்கினார்கள். காலித் (ரலி) அவர்கள் அங்கேயே அதை உண்டார்கள். மனத்துக்கு ஒவ்வாததையும் மார்க்கம் தடுத்ததையும் பிரித்தறிய இதைவிடத் தெளிவான பாடமில்லை. கரு இல்லாத கிண்ணம் வந்தது. அவள் மகிழ்ந்து உண்டாள்.

நூடுல்ஸ் தீர்ந்தபின் அடியில் கொத்துக்கறியும் சாறும் மிஞ்சியிருந்தன. கடைக்காரர் ஒரு கரண்டிச் சோற்றைக் கொண்டுவந்து அதில் இட்டார். 'ஒய்மேஷி' என்கிறார்கள், எஞ்சியதை வீணாக்காமல் பிசைந்து உண்பதற்காக அந்நகரத்தார் வைத்திருக்கும் வழக்கம். உணவின் எப்பகுதியில் பரக்கத் இருக்கிறது என்பதை அறியமாட்டீர்கள், பாத்திரத்தை வழித்து உண்ணுங்கள் என்ற நபிவழி நம்முடையது. நம் வலீமா விருந்துகளில் கொட்டப்படும் பிரியாணியை எண்ணி நான் தலைகுனிந்தேன். ஹலாலான உணவை வீணடிக்கும் நாம், ஹலால் பற்றிப் பிறருக்குப் பாடம் சொல்லத் தகுதி பெற வேண்டும்.

வெளியில் உண்ணும் நம் பிள்ளைகளுக்கு நான்கு கேள்விகளைக் கற்றுக்கொடுப்போம். எந்த எண்ணெய் அல்லது கொழுப்பு? சாற்றில் மது வகை உண்டா? இறைச்சி யார் அறுத்தது? இதே பாத்திரத்திலும் கரண்டியிலும் பன்றி இறைச்சி சமைக்கப்படுகிறதா? 'பன்றி இறைச்சி இல்லை' என்ற பலகை இவற்றில் எதற்கும் முழு விடையாகாது. புன்முறுவலோடு, உணவு கேட்கும் முன்பே கேட்டால் யாரும் புண்படுவதில்லை. என் மகனின் அனுபவமே சான்று. உண்மையைச் சொன்னதும், உடன் வேலை செய்பவர்கள் அவனைக் கேலி செய்யவில்லை. அடுத்த வாரம் அவனும் உண்ணக்கூடிய கடையை அவர்களே தேடிக் கண்டுபிடித்தார்கள். நான்கு மாதங்களாக அவன் அஞ்சிய அவமானம் அவன் மனத்தில் மட்டுமே இருந்திருக்கிறது.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை வந்து "தெரியாமல் உண்டுவிட்டேன்" என்று சொல்லும் நாளில் முதலில் அவன் சொல்வதைக் கேளுங்கள். அவன் திரும்பி வந்து கேட்டதே ஈமானின் அடையாளம். அந்த நாளில் வீட்டுக் கதவு சாத்தப்பட்டால், அவன் அடுத்த முறை வேறெங்கோ போய் நிற்பான்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் தூய்மையான உணவையும், அதைக் கேட்டறியும் துணிவையும், நன்றியோடு உண்ணும் உள்ளத்தையும் அருள்வானாக. ஆமீன்.