கட்டுரைக்கும் காசா?

அமெரிக்காவில மருத்துவபீடத்துக்கு விண்ணப்பிச்ச மச்சாள் யூலை முழுக்க மின்னஞ்சலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். முதல் விண்ணப்பத்துக்குக் காசு கட்டியாச்சு. இனி ஒவ்வொரு பீடமும் தனித்தனியாக இரண்டாம் கட்டக் கட்டுரைகள் கேட்கும். பெரும்பாலும் 75, 100 டொலர் எண்டு கட்டணமும் கேட்கும். 20 பீடத்துக்கு 100 படி 2000 டொலர்.

கட்டுரை கேட்டால் தெரிவில ஒரு படி ஏறியாச்சு எண்டு நினைக்காதீங்கோ. பல பீடங்கள் விண்ணப்பிச்ச எல்லாரிட்டயும் கேட்கின்றன. அப்ப இது தெரிவா, வசூலா? வருமானம் குறைஞ்சவைக்குச் சலுகை இருக்கு. அந்தக் கோட்டுக்குச் சற்று மேல நிக்கிறவை?

இசட் வெட்டுப்புள்ளியைத் திட்டுற நாங்களும் "கட்டுரை கேட்டால் மனிசரைப் பார்ப்பினம்" எண்டு ஏங்குறம். பார்க்கட்டும். ஆனால் முதலில் வடிகட்டட்டும், பிறகு காசு கேட்கட்டும்.