‘பார்த்துக்கலாம் சார்’ போதுமா?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டு (கி.பி. 921) இருக்கிறது. குடவோலைக்குப் புகழ்பெற்ற அதில் ஏரி வாரியமும் உண்டு: 6 பேர், 360 நாள் பொறுப்பு. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவரது நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. யாருக்கு என்ன பொறுப்பு என்பது ஊரறிய எழுதியிருந்தது.

இன்று வீடு கட்டும்போது? முக்கால்வாசி வாய்ப்பேச்சுதான். “பார்த்துக்கலாம் சார்” என்பார் மேஸ்திரி, நாமும் தலையாட்டுவோம்.

2014 ஜூன் 28 அன்று, காஞ்சிபுரம் மாவட்டம் மவுலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தனர். பெரும்பாலோர் கட்டடத் தொழிலாளர்கள். பக்கத்துக் கட்டடமும் ஆபத்தானது என்று 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

இடியப்போகும் கட்டடத்துக்குள் முதலில் நிற்பவர் சித்தாள்தான். “தூண்ல விரிசல் இருக்கு” என்று அவர் யாரிடம் சொல்வது? வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? அந்தப் பெயரும் போன் நம்பரும் சைட் போர்டில் இருக்கணும். மண் பரிசோதனை முடிவு, கம்பி அளவு, நடுவில் செய்த மாற்றம் எல்லாம் கையெழுத்தோடு பேப்பரில் இருக்கணும்.

வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் தகவல் சொல்லும், பொறுப்பை ஏற்காது.