அடையாள எண் மறைச்சொல்லானால் 'ஹேஷ்' முறையும் காப்பாற்றாது

கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் புதிய 'பிஸ்ஃபைல்' இணையவாசல் 2024 டிசம்பர் 9ஆம் தேதி செயல்படத் தொடங்கியது. நிறுவனங்களுடன் தொடர்புடைய ஒருவரின் பெயரைத் தேடினால், அவரது முழு அடையாள அட்டை எண்ணும் திரையில் தெரிந்தது. பொதுமக்கள் கவலை தெரிவித்ததைத் தொடர்ந்து, டிசம்பர் 13ஆம் தேதி இரவு அந்தத் தேடல் வசதி நிறுத்தப்பட்டது. அடுத்த வாரம் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது.

அப்போது அரசாங்கம் அளித்த ஒரு விளக்கம் பலரைக் குழப்பியது. அடையாள எண் ரகசியமன்று. பெயரைப் போல ஒருவரை அடையாளம் காட்டுவதே அதன் வேலை. அதில் சில இலக்கங்களை மறைப்பது பாதுகாப்பு இருப்பதாகப் பொய்யான நம்பிக்கையைத் தரும் என்பதே அந்த விளக்கம். அப்படியானால் இத்தனை ஆண்டுகள் ஏன் மறைத்தோம் என்று மக்கள் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால், அந்த விளக்கம் சரி என்பதை எளிய கணக்கு ஒன்றே காட்டிவிடும்.

குடிமக்கள், நிரந்தரவாசிகளின் எண்ணில் 'எஸ்' அல்லது 'டி' எழுத்து, ஏழு இலக்கங்கள், இறுதியில் ஓர் எழுத்து உள்ளன. அந்த இறுதி எழுத்து, முன்னால் உள்ளவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. 1968 முதல் பிறந்தவர்களுக்கு முதலிரு இலக்கங்கள் பொதுவாகப் பிறந்த ஆண்டைக் குறிக்கும். ஆகவே கடைசி மூன்று இலக்கங்களும் எழுத்தும் மட்டும் தெரியும்படி மறைத்தாலும், பிறந்த ஆண்டை அறிந்தவருக்கு எஞ்சுவது இரண்டே இலக்கங்கள். அதாவது நூறு வாய்ப்புகள். இறுதி எழுத்தை வைத்துக் கழித்தால் ஏறத்தாழ ஒன்பதுதான் மிஞ்சும்.

இந்த எண்ணையே மறைச்சொல்லாக வைத்தால் என்ன ஆகும்? பொறுப்பான நிறுவனங்கள் மறைச்சொல்லை அப்படியே சேமிப்பதில்லை. அதை 'ஹேஷ்' எனப்படும் கணித முறையில் அரைத்து, வெளிவரும் குறியீட்டை மட்டும் வைத்திருக்கும். பரவலாகப் பயன்படும் 'ஷா-256' முறையில், ஒரு சொல்லைக் கொடுத்தாலும் ஒரு நூலையே கொடுத்தாலும் கிடைப்பது 64 எழுத்துக் குறியீடுதான். ஓர் எழுத்தை மாற்றினால் குறியீடு முழுவதும் மாறிவிடும். மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாததுபோல, குறியீட்டிலிருந்து மறைச்சொல்லை மீட்க வழியில்லை.

ஆனால், மீட்க முடியாவிட்டாலும் ஊகிக்க முடியும். இருக்கக்கூடிய எல்லா விடைகளையும் ஒவ்வொன்றாக அரைத்து, கையில் உள்ள குறியீட்டோடு ஒப்பிட்டால் போதும். ஒரு முன்னெழுத்துக்கு ஏழு இலக்க எண்கள் 10 மில்லியன்தான். சாதாரணக் கணினியே ஒரு விநாடியில் மில்லியன் கணக்கில் 'ஷா-256' கணக்குகளைச் செய்யும்.

இது ஏட்டளவிலான அச்சம் அன்று. 2012ல் 'லிங்க்ட்இன்' தளத்திலிருந்து ஏறத்தாழ 6.5 மில்லியன் மறைச்சொற்களின் குறியீடுகள் கசிந்தன. எளிதான மறைச்சொற்கள் விரைவில் கண்டுபிடிக்கப்பட்டன. ஒவ்வொரு மறைச்சொல்லுடனும் வெவ்வேறு எழுத்துகளைச் சேர்த்து அரைக்கும் 'சால்ட்' எனும் முறையை அத்தளம் அப்போது பின்பற்றவில்லை.

'சால்ட்' சேர்ப்பதும், வேண்டுமென்றே மெதுவாக அரைக்கும் 'பிகிரிப்ட்' போன்ற முறைகளும் நல்ல மறைச்சொல்லை நன்றாகவே காக்கும். அடையாள எண்ணைக் காக்க அவை போதா. பிறந்த ஆண்டு தெரிந்தால் வாய்ப்புகள் அதிகபட்சம் 100,000. ஒவ்வொரு முயற்சிக்கும் விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆனாலும், மூன்று மணி நேரத்திற்குள் எல்லாவற்றையும் சோதித்துவிடலாம்.

காப்புறுதி, வங்கி ஆவணங்கள் மின்னஞ்சலில் வரும்போது அடையாள எண்ணையோ அதனுடன் பிறந்த தேதியையோ தட்டித் திறக்கும் வழக்கம் நமக்குப் பழகிப்போன ஒன்று. இணையத்தில் சில முறை தவறினால் கணக்கு முடக்கப்படும். ஆனால், கோப்பு ஒருவரின் கைக்குப் போய்விட்டால் எத்தனை முறை முயன்றாலும் தடுப்பாரில்லை.

2025 ஜூனில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையமும் இணையப் பாதுகாப்பு அமைப்பும் கூட்டாக வெளியிட்ட ஆலோசனை இதைத்தான் சுட்டியது. அடையாள எண்ணை மறைச்சொல்லாகவோ ஒருவரை உறுதிப்படுத்தும் சான்றாகவோ பயன்படுத்துவதைத் தனியார் நிறுவனங்கள் கைவிட வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டது.

மாற்றத்தின் பெரும்பங்கு நிறுவனங்களின் பொறுப்பு. அதுவரை, அடையாள எண்ணையே மறைச்சொல்லாக வைத்துள்ள கணக்குகளை மாற்றுவது நம் கையில் இருக்கிறது. வீட்டில் மூத்தோரின் கைப்பேசியையும் ஒருமுறை பார்த்துவிடலாம். தொலைபேசியில் அழைப்பவர் நம் எண்ணைச் சரியாகச் சொல்வதால் மட்டும் அவர் வங்கி ஊழியர் ஆகிவிடமாட்டார் என்பதையும் அவர்களிடம் சொல்லிவைக்க வேண்டும்.