43-ஆம் நாளில் தாயை யார் பார்ப்பது?

தமிழகத்தில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன என்கிறது 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு. 1987-இல் தொடங்கப்பட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் மதிப்பு இன்று ரூ.18,000. பிரசவத்தைப் பாதுகாப்பானதாக்கியதில் நாம் பெருமிதம் கொள்ளலாம். ஆனால், அதன் பிறகான ஓராண்டில் தாயின் உடல்நலத்துக்கு யார் பொறுப்பு என்பதற்குத் தெளிவான விடையில்லை. தைராய்டு பிரச்னை இதற்கு நல்ல சான்று.

கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் சிசு, தைராய்டு ஹார்மோனுக்குத் தாயையே சார்ந்திருக்கிறது. தாய்க்குச் சுரப்பு மிகக் குறைந்தால் கருச்சிதைவு, குறைப்பிரசவம், குழந்தையின் மூளை வளர்ச்சிக் குறைவு ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. எனினும், மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், ஆபத்துக் காரணிகள் உள்ள கர்ப்பிணிகளுக்கு மட்டுமே இப்பரிசோதனையைப் பரிந்துரைத்தது. குடும்பத்தில் யாருக்கேனும் இந்நோய் உண்டா என்பது அக்காரணிகளுள் ஒன்று. பரிசோதனையே அறியாத தலைமுறையின் மகள் இதற்கு என்ன பதில் சொல்வாள்?

பிரசவத்துக்குப் பிறகு நிலைமை இன்னும் சிக்கலானது. சில பெண்களுக்கு முதல் சில மாதங்களில் தைராய்டு அழற்சி ஏற்பட்டு, முதலில் சுரப்பு மிகுந்து, பின்னர் குறைகிறது. படபடப்பு, அதன்பின் தீராத அசதி, முடி உதிர்தல், மனச்சோர்வு என அறிகுறிகள் மாறுகின்றன. பலருக்கு ஓராண்டுக்குள் சரியாகிவிடும், சிலருக்கோ நிரந்தரமாகிவிடும். பொதுச் சுகாதாரக் கணக்கில் பேறுகாலம் 42 நாள்களோடு முடிகிறது. இந்நோயோ பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தலைகாட்டுகிறது.

முந்திரித் தோப்புகள் சூழ்ந்த எங்கள் வரதராஜன்பேட்டையில் இந்த அசதிக்குப் 'பச்சை உடம்பு அப்படித்தான் இருக்கும்' என்று சமாதானம் சொல்வார்கள். பரிவான சொல்தான், ஆனால், அது நோயை மறைத்துவிடுகிறது. கர்ப்ப காலத்தில் மாத்திரை எடுத்தவர்களுள் சிலர், குழந்தை பிறந்ததும் தாமாகவே நிறுத்திவிடுகின்றனர். அளவைக் குறைப்பதா, நிறுத்துவதா என்பதை, பிரசவமாகி ஆறாவது வாரத்தில் செய்யும் ரத்தப் பரிசோதனையைக் கொண்டு மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவர்களும் லெவோதைராக்சினை அச்சமின்றி உட்கொள்ளலாம். அரசு வழங்கும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளோடு சேர்த்து விழுங்கினால் அது உடலில் சரியாகச் சேராது. நான்கு மணி நேர இடைவெளி தேவை. இதை ஒவ்வொரு தாய்க்கும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் செலவையும் கணக்கிட்டுப் பார்க்கிறேன். மாத்திரைக்கு நாளொன்றுக்கு ஓரிரு ரூபாய். பரிசோதனைக்குச் சில நூறு ரூபாய். உண்மையான சுமை வேறு. கைக்குழந்தையோடு ஜெயங்கொண்டத்துக்கோ அரியலூருக்கோ பேருந்தில் சென்றுவர ஒரு நாள் கூலி போகும். துணைக்கு வருபவரின் கூலியும் சேர்ந்து போகும். 2022-இல் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது பெரும்பேறு. ஆனால், இந்தத் தொலைவை அது குறைத்துவிடவில்லை.

இதற்குப் புதிய திட்டம் தேவையில்லை. குழந்தைக்கு 6, 10, 14-ஆவது வாரங்களிலும் ஒன்பதாவது மாதத்திலும் தடுப்பூசி போடப்படுகிறது. தாய் எப்படியும் வருகிறாள். அப்போது செவிலியர் அவளது உடல்நிலை குறித்தும் நான்கு கேள்விகள் கேட்கட்டும். ஐயம் எழுந்தால் அங்கேயே ரத்த மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பட்டும். தாய் பயணிப்பதைவிட ரத்த மாதிரி பயணிப்பது மலிவானது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை தருகிறது. அந்தப் பையில் தைராய்டு மாத்திரைக்கும் இடமளிக்கலாம்.

தடுப்பூசி அட்டையில் குழந்தையின் எடையைக் குறிக்க இடமிருக்கிறது. தாயின் உடல்நிலையைக் குறிக்கவும் ஒரு வரி சேர்க்க அரசு முன்வர வேண்டும்.