எங்கள் ஊர் மழை எத்தனை சென்டிமீட்டர்?

2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. மழை. எங்கள் தாம்பரத்தில் 49! நுங்கம்பாக்கம் கணக்கை மட்டும் 'சென்னை மழை' என்று போட்டால், முடிச்சூர் வீடுகள் ஏன் மூழ்கின என்பது யாருக்குப் புரியும்? ஊர்வாரி அட்டவணை வேண்டும். செய்தியை இப்படி எண்களில் தோண்டி எடுப்பதைத்தான் 'தரவு இதழியல்' என்கிறார்கள். (பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.) நிருபர்கள்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. எக்செல் திறந்து ஒரு வரிசையில் ஊர்ப் பெயர், பக்கத்தில் மழையளவு டைப் செய்யுங்கள். இரண்டையும் செலக்ட் செய்து இன்சர்ட் மெனுவில் சார்ட்டை கிளிக் செய்தால் போதும். தாம்பரத்தின் கட்டம் எழும்பி நிற்கும். நான் போட்டுப் பார்த்தேன். அன்றிலிருந்து, மழைச் செய்தியில் ஊர்ப் பெயர் இல்லாத எண்ணை நான் நம்புவதில்லை.