விழுந்த மறுநாள்

2018ஆம் ஆண்டு தென்கொரியாவில் நடைபெற்ற பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில், பனிச்சறுக்கு நடனத்தில் தங்கம் வெல்வாரென எதிர்பார்க்கப்பட்டவர் அமெரிக்கரான நேதன் சென். அப்போது அவருக்கு வயது 18. முதற்சுற்றில் தடுமாறி விழுந்தார். 17ஆம் இடமே கிட்டியது. ஆயினும் அவர் ஒதுங்கிவிடவில்லை. மறுநாள் பனித்தளத்தில் இறங்கி, காற்றில் நான்கு முறை சுழலும் கடினமான தாவல்கள் ஆறினை நிகழ்த்தி, அச்சுற்றில் முதலிடம் பெற்றார். எனினும் மொத்தத்தில் 5ஆம் இடமே, பதக்கம் இல்லை. தளராது உழைத்தவர், 2022இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்றார்.

அன்புப் பெற்றோரே, நாம் தங்கத்தைப் போற்றுகிறோம். பதக்கமற்ற அந்த மறுநாளை மறந்துவிடுகிறோம். தேர்வில் தவறிய நம் பிள்ளை தலைகுனிந்து வீடு திரும்பும் மாலையில் நாம் கூறும் முதற்சொல் எது? மறுநாள் மீண்டும் எழுந்து நிற்கும் துணிவை அச்சொல் அளிக்கட்டும்.